நாற்பத்தேழாவது நூலின் கீழே நான் எழுதிய மூன்று வரிகள்

முரளிக்கு,

இந்தக் கவரை நான் ஒட்டவில்லை. மறதியில் அல்ல, வேண்டுமென்றேதான். கூடுவாஞ்சேரியில் உன்னோடு அறையில் இருக்கும் பையன் பிரித்துப் படித்தால் படிக்கட்டும். எழுதி முடித்ததும் இதை இரண்டு ஜெராக்ஸ் எடுக்கப் போகிறேன். ஒன்று உன் கைடு சாருக்கு, கல்லூரி முகவரிக்குப் பதிவுத் தபாலில். இன்னொன்று நம் கடைக் கண்ணாடிக்கு. 'தீசிஸ் டைப்பிங், பிரின்ட் அவுட், பைண்டிங்' என்று நீ எழுத்து வெட்டி ஒட்டிக் கொடுத்தாயே, அதற்கு நேர் கீழே. குரோம்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி நடக்கிற எவரும் நின்று படிக்கலாம். கையால் எழுதியிருக்கிறாளே என்று பார்க்காதே. கரண்ட் இல்லை என்பது ஒரு காரணம். கீபோர்டில் உட்கார்ந்தால் இத்தனை வருடம் அடுத்தவர்களுக்கு அடித்த வாக்கியங்கள்தான் விரலில் வருகின்றன என்பது இன்னொரு காரணம். 'இவ்வாய்வின் நோக்கம் யாதெனில்' என்று உனக்கு ஆரம்பித்துவிட்டால் நீ சிரிப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் தப்பு. அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். வெள்ளிக்கிழமை நீ ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். அதற்குள் இது உன் கைக்கு வந்தாக வேண்டும் என்பதால் உன் அப்பாவிடமே கொடுத்தனுப்புகிறேன். ரயிலில் உட்கார்ந்து முழுவதையும் படித்துவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் உன்னிடம் கொடுப்பார். அவருக்கு இதில் சம்மதம் இல்லை. நீ கண்டுகொள்ளாதே, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பு.

கண்ணாடிக்கு வெளியே நின்று படிக்கிறவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள். நீ எம்.ஃபில். ஆய்வுக்கு நம் வீட்டுக்குப் பக்கத்து ஏரியை எடுத்துக்கொண்டாய். ஆய்வேட்டின் கடைசியில் நூற்பட்டியல் வர வேண்டும். வெறும் பட்டியல் இல்லை, குறிப்புரையோடு. ஒவ்வொரு நூலின் கீழும் அதில் என்ன இருக்கிறது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம், உன் ஆய்வுக்கு எப்படிப் பயன்பட்டது என்று மூன்று நான்கு வரி. 'அன்னோட்டேட்டட் பிப்ளியோகிராஃபி' என்று சொல்வதற்குள் என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நாக்கு சுளுக்கிக்கொள்ளும். இந்தப் பக்கத்து ஏரிகளை ஊர் ஊராகப் போய்ப் பார்த்து எழுதிய பழைய நூல் ஒன்றை எல்லோரும் தங்கள் பட்டியலில் போடுவார்கள். அதில் நம் ஏரியைப் பற்றி என்ன இருக்கிறது என்று எல்லோரும் போடுகிற குறிப்பும் ஒன்றேதான்: 'ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடப்பது. பாசனத்துக்குப் பயன்பட்டதாகத் தெரியவில்லை. மேய்ச்சல் நிலமாகவே கருதத்தக்கது.'

நீ ஒருவன்தான் அந்த நூலைத் தேடிப் போனாய். நகரத்தில் ஒரு பழைய நூலகத்தில் மூன்று நாள் காத்திருந்து, தையல் விட்டுத் தனித்தனியாகக் கிடந்த அதை வாங்கிப் படித்தாய். நம் ஏரி வறண்டது என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. அது இரண்டு போகத்துக்குத் தண்ணீர் கொடுத்தது, நிரம்பினால் கலங்கல் வழியாக வெளியேறி அடையாற்றில் போய்ச் சேர்ந்தது, அந்த வாய்க்கால் எதன் வழியாக ஓடியது என்பதுவரை எழுதியிருக்கிறது. நீ படித்ததைக் குறிப்பாக எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்தாய்: 'முந்தைய ஆய்வேடுகளில் இந்நூலின் பெயரால் தரப்படும் குறிப்பு இந்நூலில் இல்லை.' அந்த வரியில்தான் உன் கைடு சார் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது நீ இதையெல்லாம் சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். "ஒரு காமெடி கேளும்மா. அந்த புக்குக்கு எல்லாரும் நூத்திப் பதினெட்டுப் பக்கம்னு போட்டிருக்காங்க. புக்கு அதுக்கு ரெண்டு மடங்கு தடிமன். நூத்திப் பதினெட்டு, நம்ம வீட்டு நம்பர் மாதிரியே இருக்கு பாரேன்." நான் சிரிக்கவில்லை. நீ அதைக் கவனித்தாயா என்று தெரியவில்லை. பிறகு உன் முகம் மாறியது. "சார் சொல்றார், 'பெரிய பெரிய தீசிஸ்ல எல்லாம் வந்த நோட் அது தம்பி, நீ எம்.ஃபில். பையன், உனக்கு எதுக்கு இந்த வம்பு? அந்த ஒரு வரியை எடுத்துடு, அடுத்த நிமிஷம் கையெழுத்து போடறேன்'னு. நீ சொல்லும்மா, எடுத்துடட்டுமா?" நான் ரசத்தைக் கலக்கிக்கொண்டே, உன் முகத்தைப் பார்க்காமல், "எடுத்துடுடா, ஒரு வரிதானே" என்றேன். மோர் வேண்டாம் என்று எழுந்து கை கழுவினாய். சாயங்காலமே ஃபைல்களைப் பையில் போட்டுக்கொண்டு கூடுவாஞ்சேரிக்குக் கிளம்பிவிட்டாய்.

அது நம் வீட்டு நம்பர் மாதிரி இல்லை முரளி. நம் வீட்டு நம்பரேதான். அந்த மூன்று வரியை எழுதியவள் நான்.

உனக்கு அப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். கடை திறந்த புதிது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், காலில் இடிக்கிற மாதிரி ஒரு ஜெராக்ஸ் மிஷின். அப்போது ஒருவர் பி.எச்டி. ஆய்வேட்டைத் தட்டச்சு செய்யக் கொண்டுவந்தார். கல்லூரியில் பகுதி நேர வேலை, வீட்டில் கைக்குழந்தை, சட்டைக் காலர் நைந்திருக்கும், ஆனால் பேச்சு அவ்வளவு மரியாதையாக இருக்கும். அவர்தான் இன்று உன் கைடு சார். அவர் ஆய்வேட்டை அடித்தவள் நான் என்பது உனக்குத் தெரியும். உன்னை அவரிடம் சேர்த்துவிட்டதே அந்தப் பழக்கத்தில்தானே. உனக்குத் தெரியாதது இனிமேல் சொல்லப்போவது.

அவருடைய நூற்பட்டியலில் ஐம்பது நூல்கள் இருக்க வேண்டும் என்று அவருடைய கைடு சொல்லியிருந்தார். நாற்பத்தாறுக்குக் குறிப்பு எழுதிக் கொண்டுவந்துவிட்டார். மீதி நான்குக்கு வெறும் தலைப்புத்தான் இருந்தது. மறுநாள் பைண்டிங் போக வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற அவசரத்தில் வாசலில் நின்றபடி சொன்னார்: "அக்கா, மத்ததைப் பார்த்து அதே மாதிரி இதுக்கும் ரெண்டு மூணு வரி நீங்களே போட்டுடுங்க. யாரும் அதைப் படிக்கப் போறதில்லை." எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? பி.ஏ. இரண்டாம் வருடத்தில் கல்யாணம் என்று நிறுத்தப்பட்டவள் நான். ஒரு டாக்டர் பட்ட ஆய்வில் என் வாக்கியம் வரப்போகிறது. மூன்று நூல்களுக்குப் 'பொதுவான அறிமுகம் தருகிறது' என்று பூசி மெழுகினேன். நாற்பத்தேழாவது நம் பக்கத்து ஏரிகளைப் பற்றியது என்று தலைப்பிலேயே தெரிந்தது. இது எனக்கே தெரியுமே என்று நினைத்தேன். வைகாசியில் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தவள். வந்த அன்று ஜன்னலைத் திறந்து பார்த்தேன், ஏரியில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள், நான்கைந்து மாடு மேய்ந்துகொண்டிருந்தது. மழைக்காலத்தில் அங்கே நிற்பது தேங்கின மழைத் தண்ணீர் என்றே நினைத்திருந்தேன். அதுதான் எனக்குத் தெரிந்த ஏரி. அதை எழுதினேன். 'கருதத்தக்கது' என்று முடித்தபோது எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது. பக்கங்கள் எத்தனை என்று ஒரு இடம் காலியாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். எதிரில் நம் வீட்டு மின்சார பில், அதில் கதவு எண் 118. போட்டுவிட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் ஒரு அசட்டுத்தனம் என்று விட்டுவிடலாம். முடியவில்லை. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு, அதை இந்தக் கண்ணாடியில் எழுதி ஒட்டுவதால் மற்ற கடைக்காரர்கள் என்மேல் கோபப்படுவார்கள், படட்டும். எந்த ஆய்வேடு வந்தாலும் அதன் நூற்பட்டியலைத் தனி ஃபைலாகச் சேமித்து வைத்துக்கொள்வோம். அடுத்த வருடம் அதே துறையில் ஒருவர் வருவார். "அக்கா, போன வருஷம் பண்ணின பிப்ளியோ இருக்கா?" என்பார். ஃப்ளாப்பியைப் போட்டுத் திறந்து காட்டுவேன். வேண்டாததை நீக்கு, வேண்டியதை வை, இரண்டு புதுசு சேர், முடிந்தது. அவர் நூலைப் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. முதல் ஆய்வேட்டில் ஒருவர் எழுதியது என்று இரண்டாமவர் நம்பினார், இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள் என்று மூன்றாமவர் நம்பினார். எல்லோரும் சுற்றிச் சுற்றி வந்து என் கடை நாற்காலியில்தான் உட்கார்ந்தார்கள். சார் உன்னிடம் 'பெரிய பெரிய தீசிஸ்' என்று சொன்னாரே, அவற்றில் எட்டு நான் அடித்தவை. மற்றவை இவற்றைப் பார்த்து அடித்தவை.

பிறகு அந்தப் பெரிய மழை வந்தது. நீ அப்போது ப்ளஸ் டூ. வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதும் அப்பா ரேஷன் கார்டைத் தேட, நீ சி.பி.யூ.வைத் தலையில் தூக்கிக்கொண்டு மாடி வீட்டுக்குப் போனாய். கடைக்கு வேறு வாங்கியாகிவிட்டது, அது வீட்டில் சும்மா கிடந்த பழைய சி.பி.யூ., அதைப் போய்க் காப்பாற்றுகிறானே என்று நானும் அப்பாவும் திட்டினோம். மறுநாள் மீன் விற்கிற தனம்மா இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துவந்து, மாடிப்படியில் நின்று பன்னும் பாலும் கொடுத்தாள். நான் அழுதுகொண்டே சொன்னேன், "எங்கிருந்து தனம்மா இவ்வளவு தண்ணி? நாங்க வந்தப்ப எப்பவும் காஞ்சுதானே கெடக்கும்." அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. "இன்னாமா சொல்ற? எங்க வூட்டுக்காரரு இதுலதான் வருசா வருசம் வலை போட்டுகினு இருந்தாரு. கார்த்தில வந்து பாத்தியா நீ? கோடைல வந்து பாத்துட்டு காஞ்சு கீதுன்னா ஆச்சா? இது ஏரிமா. நீங்கதான் நடுவுல வூடு கட்டிகினு கீறீங்க." நீ பக்கத்தில் உட்கார்ந்து பன்னைத் தின்றுகொண்டிருந்தாய். "அப்ப கலங்கல் எங்கக்கா இருந்துச்சு?" என்று அவளிடம் கேட்டாய். உன் எம்.ஃபில். அந்தப் படியில்தான் ஆரம்பித்தது, கல்லூரியில் இல்லை.

எனக்கும் அந்தப் படியில்தான் தெரிந்தது, நான் எழுதியது பொய் என்று. தண்ணீர் வடிந்தது. வீட்டைக் கழுவினோம். அடுத்த மாசி மாதம் ஒரு பெண் ஆய்வேட்டோடு வந்தாள், "பிப்ளியோ இருக்கா அக்கா?" என்றாள். ஃபைலைத் திறந்தேன். நாற்பத்தேழாவது எண் கண்ணில் பட்டது. கை நின்றது. பிறகு காப்பி அடித்துக் கொடுத்துவிட்டேன். இதைத்தான் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் தடவை தெரியாமல் செய்தேன். அதற்குப் பிறகு மூன்று பேருக்குத் தெரிந்தே செய்தேன். சொன்னால், 'இந்த அக்கா கடையில் குறிப்பெல்லாம் இட்டுக்கட்டுவாங்க' என்று பெயர் வந்துவிடும் என்று பயம். அந்த மூன்று பேர் யார் என்று எனக்குத் தெரியும். இந்தக் கடிதம் கிளம்பியதும் அவர்களுக்குப் போன் செய்யப் போகிறேன்.

போன மாதம் நீ ஜி.எஸ்.டி. ரோட்டில் யாரோ கையில் திணித்தார்கள் என்று ஒரு மனை விற்பனைத் துண்டறிக்கை கொண்டுவந்தாய். ஏரியில் மிச்சம் இருக்கிற பாதியைப் பிளாட் போடப் போகிறார்களாம். பூங்கா, தார் ரோடு, ரயில் நிலையம் ஐந்து நிமிடம். கீழே சின்ன எழுத்தில், 'ஆய்வாளர்கள் பலராலும் மேய்ச்சல் நிலமாகவே கருதத்தக்கது என உறுதி செய்யப்பட்ட இடம்' என்று போட்டிருந்தது. நீ கொதித்தாய். எந்த ஆய்வாளர் என்று கத்தினாய். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். ஆய்வாளர் அங்கே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள் முரளி. அந்தக் 'கருதத்தக்கது' என்னுடையது. இனி அங்கே வீடு கட்டப் போகிறவர்களும் ஒரு மழைக்கு மாடிப்படியில் உட்கார்ந்து பன் தின்பார்கள், அதற்கு என் வரியும் ஒரு காரணமாக இருக்கும்.

ஆகவே நீ அந்த ஒரு வரியை எடுக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னதைத் தூக்கிக் குப்பையில் போடு. அன்று பேசியது உன் அம்மா இல்லை, மாட்டிக்கொண்டு விடுவோமே என்று பயந்த டைப்பிஸ்ட். ஒரு கமா கூட எடுக்காதே. யாராவது 'இல்லை என்பதாகத் தோன்றுகிறது' என்று மாற்றச் சொன்னால் மாற்றாதே. தோன்றவில்லை. இல்லை. நீ ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தவன்.

உன்னை நான் இந்த விஷயத்தில் முன்பே ஒரு தடவை கெடுக்கப் பார்த்திருக்கிறேன். ஏழாம் வகுப்பு விடுமுறைக்கு ஐந்து புத்தகம் படித்து ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் எழுதி வரச் சொன்னார்கள். நீ ஒன்றுக்கு, 'பாதி படித்தேன், அதற்குமேல் பிடிக்கவில்லை, அதனால் முடிவு தெரியாது' என்று எழுதியிருந்தாய். நான் அந்தப் பக்கத்தைக் கிழித்து, 'மிகவும் பயனுள்ள நூல், அனைவரும் படிக்க வேண்டும்' என்று எழுத வைத்தேன். நீ எழுதினாய், ஆனால் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மிஸ் ஸ்டார் போட்டு அனுப்பினார்கள். நீ அந்த ஸ்டாரை அழிரப்பரால் தேய்த்துத் தாளையே ஓட்டை போட்டாய். அன்று உனக்கு முதுகில் ஒன்று வைத்தேன். இன்று நினைத்தால், அந்தப் பாதி படித்த குறிப்புத்தான் ஐந்திலும் ஒழுங்கான குறிப்பு. அதே மாதிரி இப்போதும் எழுது. பார்க்காத நூலைப் பார்க்கவில்லை என்று எழுது, அல்லது பட்டியலிலிருந்து எடுத்துவிடு. ஐம்பது வேண்டும் என்றால், என்னிடம் முப்பத்தொன்றுதான் இருக்கிறது, முப்பத்தொன்றையும் படித்திருக்கிறேன் என்று சொல். பாதி படித்ததற்கு எந்தப் பக்கம் வரை என்று போடு. உன் கருத்துக்கு எதிராகப் பேசுகிற நூலை ஒளிக்காதே, அதற்கு இன்னும் இரண்டு வரி கூட எழுது. தனம்மா சொன்னதை 'உள்ளூர் மக்கள் கூற்று' என்று மொட்டையாகப் போடாதே. அவள் பெயர், தெரு, என்ன தொழில், எந்த நாள் சொன்னாள், எல்லாம் போடு. எத்தனை நூல் எழுதினவரானாலும் அவள் அளவுக்கு அந்தத் தண்ணீரில் நின்றிருக்க மாட்டார்.

சார் கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் என்ன ஆகும் என்று நீ கேட்பாய். யோசித்துவிட்டேன். இந்த வெள்ளி போனால் ஆறு மாதம் தள்ளிப் போகும். ஜூனில் தருவதாகச் சொன்ன கெஸ்ட் லெக்சரர் வேலை வேறு யாருக்கோ போகும். போகட்டும். போனால் உனக்கு வருத்தமாக இருக்கும், எனக்கும் இருக்கும், ஆனால் அதைத் தாங்கிக்கொள்ளலாம். நீயும் எங்கள் ஃபைலில் ஒரு பெயராகச் சேர்ந்துவிட்டால் அதை என்னால் தாங்க முடியாது. இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு துறைத் தலைவரிடம் போ. அவர் கூப்பிட்டால் நான் வருகிறேன். அந்தப் பச்சை காட்டன் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து, எந்தப் பெஞ்சில் உட்காரச் சொல்கிறார்களோ அதில் உட்காருவேன். கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். டைப்பிஸ்ட் அம்மாவுக்கு ஆய்வைப் பற்றி என்ன தெரியும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், அது அவர்கள் யாருக்கும் தெரியாது. அந்தக் குறிப்பு எந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுதப்பட்டது என்று எனக்குத்தான் தெரியும்.

சாருக்கும் இதில் ஒரு நகல் போகிறது, அதனால் அவரிடமும் ஒரு வார்த்தை. சார், உங்களை நான் மாட்டிவிடவில்லை. நீங்கள் கேட்டீர்கள், நான் எழுதினேன், இரண்டு பேருக்கும் பங்கு இருக்கிறது. காய்ச்சல் குழந்தையோடு ஓடியவரை நான் இன்றுவரை குறை சொன்னதில்லை. உங்கள் நன்றியுரையில் என் கடையின் பெயரைப் போட்டீர்கள், அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து வைத்திருந்தேன். இப்போது கழற்றி உள்ளே வைத்துவிட்டேன். அன்று உங்களுக்கு நேரம் இல்லை. இன்று இருக்கிறது. என் மகன் எழுதிய வரியின் கீழே கையெழுத்துப் போடுங்கள். போட்டால் உங்கள் மேல் எனக்கு இன்னும் மரியாதை கூடும். போடாவிட்டால் நான் வந்து பேசுவேன், சத்தம் போட்டுப் பேச மாட்டேன் என்று உறுதி சொல்ல முடியாது.

நேற்று உன் அப்பா, "நீ எழுதினதுன்னு யாருக்குத் தெரியும்? பேசாம அந்த ஃபைலை டெலீட் பண்ணிட்டு வேலையைப் பாரு. ஊர்ல இருக்கற பேஜாரை எல்லாம் இழுத்து நம்ம தலைல போட்டுக்காதே" என்றார். அவர் பயத்தில் பேசுகிறார், அவரைத் தப்பு சொல்ல மாட்டேன். கடைக்கு ஆள் வராமல் போகலாம் என்பதும் உண்மைதான். வராவிட்டால் கல்யாணப் பத்திரிகை அடித்துப் பிழைத்துக்கொள்வேன், அதில் யாரும் பொய்க் குறிப்பு கேட்க மாட்டார்கள். ஆனால் ஃபைலை அழிக்க மாட்டேன். அழித்தால் நான் செய்யவே இல்லை என்று ஆகிவிடும். நீ மழையில் தலையில் தூக்கிப் போனாயே அந்தப் பழைய சி.பி.யூ., அதில்தான் முதல் ஃபைல் இருக்கிறது. திங்கட்கிழமை அதற்கு உயிர் கொடுத்துத் திறந்தேன். நாற்பத்தேழாம் எண், மூன்று வரி, 118, எல்லாம் அப்படியே இருக்கிறது. பிரின்ட் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். பிறகு நான் அடித்த எட்டு ஆய்வேடுகளின் நூற்பட்டியலையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் அந்த மூன்று வரியைச் சிவப்பு மையால் கோடிட்டு வைத்திருக்கிறேன். அடுத்த தடவை யாராவது எந்த ஆய்வாளர் என்று கேட்டால், இதைக் காட்டு.

கடைசியாக ஒரு வேலை. உன் பட்டியலில் இந்தக் கடிதத்தையும் ஒரு பதிவாகச் சேர். தனம்மாவுக்கு அடுத்து வைத்தால் எனக்குச் சந்தோஷம். எழுதியவர் பெயருக்குக் கூச்சப்படாமல் என் பெயரைப் போடு, அம்மா என்று போடாதே. குறிப்பை நீயே எழுது, நான் ஒரு வரிகூடச் சொல்லித் தர மாட்டேன். இவள் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று எழுத வேண்டிய இடத்தில், முன்பு பொய் எழுதியவள் என்பதையும் சேர்த்தே எழுது. ஆனால் முழுவதும் படித்துவிட்டு எழுது. பக்கங்கள் எத்தனை என்ற இடத்தில் பதினாறு என்று போடு. இந்தத் தடவை எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். நீயும் ஒரு தடவை எண்ணிக்கொள்.

அம்மா